சிங்கத்தைத் தொட்ட இரண்டு இடங்கள்

ஆப்பிரிக்காவில் சிங்கங்களோடு தன்னார்வலராக வேலை செய்தேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "தொட்டுப் பார்த்தீங்களா?" தொட்டிருக்கிறேன். 2016-இல் ஓர் இடத்தில் தினமும் தொட்டேன். 2019-இல் இன்னோர் இடத்தில் ஒரே ஒரு ராத்திரி, முக்கால் மணி நேரம். இரண்டையும் சொல்கிறேன். போக நினைப்பவர்கள் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

முதல் இடம் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிங்கப் பண்ணை. பெயர் வேண்டாம். வாரக் கணக்கில் நாம்தான் பணம் கட்ட வேண்டும். தாய் ஒதுக்கிவிட்ட குட்டிகள், நீங்கள் பால் கொடுத்து வளர்த்தால் பெரிதானதும் காட்டில் விடுவோம் என்றார்கள். நம்பினேன். மூன்று வாரக் குட்டிகள் நான்கை என்னிடமும் இன்னொரு பெண்ணிடமும் ஒப்படைத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை புட்டிப்பால். குடித்து முடித்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றைத் தேய்த்துவிட வேண்டும். அந்த வயதில் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீர் பிரியும், அந்த நாக்குக்குப் பதில்தான் எங்கள் துணி.

நான்கில் சிறியதை 'சின்னவன்' என்று கூப்பிடுவேன். பால் குடிக்கும்போது என் கையை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு, தாயின் மடியைப் பிசைவதுபோல் பிசைந்துகொண்டே இருப்பான். நகம் இறங்கும். முழங்கைவரை கீறல். அவன் முடி பார்வைக்குப் பஞ்சு மாதிரி இருக்கும், தொட்டால் சொரசொரப்பு.

காலை ஒன்பது மணிக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்குவார்கள். மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆளுக்குச் சில நிமிடம். வளர்ந்த சிங்கமே ஒரு நாளில் பதினாறிலிருந்து இருபது மணி நேரம் படுத்துக் கிடக்கும் பிராணி, குட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தூங்கினால் எழுப்பு என்பது உத்தரவு. ஒரு வாரம் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. தலை நிற்காமல் தொங்கியது. அன்றைக்கும் அவனைத் தூக்கி அடுத்தவர் மடியில் வைத்தவள் நான்தான். இன்றுவரை அது உறுத்துகிறது.

ராத்திரிகளில் தூரத்துக் கம்பிவேலிக்குள் ஒரு பெண்சிங்கம் நடந்துகொண்டே இருக்கும். கர்ஜனை இல்லை, அடித்தொண்டையில் "ம்ம்... ம்ம்..." என்று ஒரு கூப்பிடல். யார் அது என்று அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டேன். "இதுகளோட அம்மா" என்றார். ஒதுக்கிய தாய் எதற்காக ராத்திரி முழுக்கக் கூப்பிட வேண்டும்?

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காட்டில் ஒரு பெண்சிங்கம் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குட்டி போடும். குட்டிகளைப் பறித்துவிட்டால் சீக்கிரமே மறுபடி இணைசேர்ந்துவிடும். சினைக்காலம் 110 நாள்தான். வருடம் முழுக்கக் கொஞ்சுவதற்குக் குட்டி வேண்டுமென்றால் அதற்கு இதுதான் வழி. வளர்ந்தவை எங்கே போகும்? மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்துக்கு ஆளைக் கண்டால் பயம் இல்லை, கூட்டமும் இல்லை. அதைக் காட்டில் விட முடியாது. இந்தத் தொழிலில் அரைகுறையாக வளர்ந்தவை பயணிகள் கூடவே நடக்கும் 'சிங்கத்தோடு நடை'க்குப் போகும். அதற்கும் பெரிதானால் வேலியடைத்த இடத்தில் பணம் கட்டி வருபவரின் துப்பாக்கிக்கு. எலும்பு தென்கிழக்காசியாவுக்கு. 2017-இல் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அரசே அனுமதி கொடுத்தது. 2017, 2018 ஒதுக்கீடுகள் இரண்டும் சட்டவிரோதம் என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது. பண்ணைகளில் 8,000 சிங்கங்களாவது இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த நாட்டில் சுதந்திரமாகத் திரிபவற்றைவிட அதிகம். 2021 மே மாதம் இந்தத் தொழிலை நிறுத்தப்போவதாக அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா க்ரீசி அறிவித்தார். ஆனால் பண்ணைகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: குட்டியின் தாய் எங்கே? போன வருடக் குட்டிகள் இப்போது எங்கே? நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். "வேறு பண்ணைக்குப் போய்விட்டன" என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது இடமும் தென்னாப்பிரிக்காதான், குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடக்கில், மின்வேலி போட்ட ஒரு வன உயிர்க் காப்பகம். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: வண்டியிலிருந்து இறங்கக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. சிங்கத்தின் கண்ணுக்கு வண்டியும் நாமும் சேர்ந்து ஒரே உருவம், நாம் எழுந்து நின்றால் அந்த உருவம் உடையும்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவோம். அந்தக் கால மொட்டைமாடி டிவி ஆன்டெனா மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து மெதுவாகச் சுழற்றுவேன். ரேடியோ கழுத்துப்பட்டை போட்ட சிங்கம் இருக்கும் பக்கம் திரும்பியதும் ரிசீவரில் "டிக், டிக்" சத்தம் கூடும். கண்டுபிடித்தால் ஒரு தாளை நிரப்ப வேண்டும். மீசைமுடி வரிசைக்கு மேலே இருக்கும் புள்ளிகள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறுவேறு, நம் கைரேகை மாதிரி. அவற்றைப் பார்த்துத்தான் யார் என்று எழுதுவோம். அப்புறம் வயிறு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு எண். பல நாள் எதுவும் கண்ணில் படாது. அந்த நாட்களில் வேலியோரம் ரேஞ்சர்களோடு நடந்து சுருக்குக் கம்பிகளைத் தேடி எடுப்போம். திருட்டு வேட்டைக்காரர்கள் இம்பாலா, நியாலா என்ற மான் வகைகளுக்கு வைப்பதுதான். ஆனால் அதில் கழுத்தை விட்டு மாட்டிக்கொள்பவை சிங்கங்களும்தான்.

நாலாவது வாரம் ஒரு பெண்சிங்கத்தின் கழுத்தில் கம்பி இறங்கியிருப்பதைப் பார்த்தோம். அன்று ராத்திரி ஓர் இம்பாலா உடலை மரத்தில் சங்கிலியால் கட்டி, எருமைக்கன்று கதறும் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கால்நடை மருத்துவர் மயக்க ஊசியைச் சுட்டார். அவள் கிடந்ததும், "இபூபெசி படுத்துவிட்டது, வா" என்றார் ரேஞ்சர். சூலு மொழியில் இபூபெசி என்றால் சிங்கம்.

மயக்கத்திலும் அவள் கண் திறந்தே இருந்தது. களிம்பு போட்டுத் துணியால் மூடினார்கள். விலா மேல் கை வைத்து மூச்சை எண்ணுவது என் வேலை. 14. 13. 15. உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சூடு, ஒவ்வொரு மூச்சுக்கும் கை மேலே எழும்பி இறங்கியது. கம்பியை வெட்டி எடுத்தபோது சீழ் நாற்றம் குப்பென்று வந்தது. காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, வண்டிக்குத் திரும்பினோம். அவள் எழுந்து நடக்கும்வரை விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். யாரும் படம் எடுக்கவில்லை.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஓடைக்கு அந்தப் பக்கம், இருநூறு மீட்டருக்கு மேல் தூரத்தில் படுத்திருந்தாள். பைனாகுலரில் பார்த்துத் தாளில் எழுதினேன்: "வயிறு 4. கழுத்துக் காயம் காய்ந்திருக்கிறது. குட்டிகள் மூன்றும் பால் குடிக்கின்றன."