அன்பியக் கூட்டத்தில் இறைவார்த்தைப் பகிர்வு வேரூன்ற என்ன செய்யலாம்?

கேள்வி: மறைக்கல்வி ஆசிரியை, தென்கடற்கரைப் பங்கு

இயேசுவுக்கே புகழ். எங்கள் பங்கில் ஏறத்தாழ 400 குடும்பங்களும், அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு கிறிஸ்தவச் சமூகங்களான அன்பியங்கள் 14-உம் இருக்கின்றன. சென்ற ஜூன் மாதம் முதல் எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளராக இருக்கிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டில் கூடுகிறோம். செபமாலை சொல்லி, நற்செய்தியை வாசித்து முடித்ததும், யாராவது பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்பேன். எல்லாரும் பாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு வழக்கமாகப் பேசும் ஒரு பெரியவர் இருபது நிமிடம் மறையுரை போலப் பேசுவார். அதன்பின் குடும்பந்தோறும் கோயிலுக்குச் செலுத்தும் தலைக்கட்டு வரி, கோயில் துப்புரவு முறை, திருவிழாவில் எங்கள் அன்பியத்துக்குரிய நவநாள் செலவு ஆகியவற்றைப் பேசி, தேநீர் அருந்திக் கலைந்துவிடுவோம்.

சென்ற மாதம் நடந்த ஒன்று என்னை உறுத்துகிறது. காணாமற்போன ஆட்டைப் பற்றிய பகுதியை வாசித்தோம். வழக்கமாக வாயே திறக்காத ஒரு தாய், வீட்டைவிட்டுப் போன தம் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை. நேரமாகிவிட்டது என்று பொருளாளர் வரி நோட்டைத் திறந்துவிட்டார். அந்தத் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமைதியாகிவிட்டார். தடுத்திருக்க வேண்டியவள் நான்தான், தடுக்கவில்லை. இந்த மாதம் அவர் வரவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தை இறைவார்த்தையைப் பகிரும் இடமாக மாற்ற முடியுமா? அல்லது ஆர்வமுள்ள ஏழெட்டுப் பேரைச் சேர்த்துத் தனியாக ஒரு குழுவைத் தொடங்குவதுதான் நல்லதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: அன்பிய ஒருங்கிணைப்பாளர், பணிநிறைவு பெற்ற ஆசிரியர்

சகோதரி, மாற்ற முடியும். ஆனால் "யாராவது பகிர்ந்துகொள்ளுங்கள்" என்ற அழைப்பை முதலில் கைவிடுங்கள். ஆயத்தம் இல்லாத கூட்டத்தில் அந்த அழைப்புக்குப் பேசிப் பழகியவர் மட்டுமே பதில் சொல்வார். மற்றவர்கள் சொல்ல ஒன்றும் இல்லாததால் மௌனமாக இருப்பதில்லை. தாங்கள் சொல்லப்போவது தவறாகிவிடுமோ என்று அஞ்சியே மௌனமாக இருக்கிறார்கள்.

நாங்கள் பல ஆண்டுகளாகக் கையாள்வது ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறை. தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற மறைப்பணிப் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் லோபிங்கர், ஓஸ்வால்ட் ஹிர்மர் என்ற இரண்டு ஜெர்மானிய மறைப்பணியாளர்களின் பெயர் இம்முறையோடு சேர்த்துச் சொல்லப்படும். இருவரும் பின்னர் அந்நாட்டிலேயே ஆயர்களானார்கள். குருக்கள் எப்போதாவது வந்துபோகும் சிற்றூர்களில், விவிலிய அறிஞர் ஒருவரும் இல்லாமலே மக்கள் இறைவார்த்தையைச் சுற்றி அமர உதவுவதே அதன் நோக்கம் என்பதால், நம் கூட்டங்களுக்கும் அது பொருந்துகிறது. 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, திருச்சபையைச் சமூகங்கள் பல ஒன்றுசேர்ந்த ஒரே சமூகமாகக் காண அழைப்பு விடுத்தபின், ஆசிய நாடுகள் பலவற்றில் இம்முறை பரவியது.

முதல் படியில் ஒருவர் தம் சொந்த வார்த்தைகளில் ஆண்டவரை நடுவில் வந்தமருமாறு அழைக்கிறார். இரண்டாவதில் பகுதி வாசிக்கப்படுகிறது. மூன்றாவது படியில்தான் கூட்டம் மாறும். ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட ஒரு சொல்லையோ ஒரு சிறு தொடரையோ மட்டும் உரக்க, மூன்று முறை, இடைவெளிவிட்டுச் சொல்கிறார். விளக்கம் கூடாது. ஒருவர் எடுத்த சொல்லையே இன்னொருவரும் எடுக்கலாம். நான்காவது படி சில நிமிட மௌனம். ஐந்தாவதில் அந்தச் சொல் தம் உள்ளத்தில் எழுப்பியதைப் பகிர்கிறார்கள். ஆறாவதில் இந்த வாரம் இந்தத் தெருவில் நாம் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். ஏழாவதில் மனத்தில் எழும் மன்றாட்டுகளோடு முடிக்கிறார்கள்.

ஒரு மாலை மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவரை நான்கு பேர் சுமந்துவரும் பகுதியை எடுத்திருந்தோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பகுதியைக் காதால் கேட்டவர், "கூரையைப் பிரித்து" என்று மூன்று முறை சொன்னார். அவ்வளவுதான். ஐந்தாம் படி வந்தபோது, "யார் வீட்டுக் கூரையோ, அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு அந்தப் பகுதியைக் கற்பித்தவன் நான். வீட்டுக்காரரைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று ஆறாம் படியில், பக்கவாதத்தால் படுத்திருந்த ஒரு மீனவ அண்ணனை நாற்காலியில் வைத்து ஞாயிறு திருப்பலிக்குத் தூக்கிவருவது என்று இளைஞர்கள் முடிவெடுத்தார்கள். மறுநாள் போய்ச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். ஊர் பார்க்கத் தம்மைத் தூக்கிச் செல்ல வேண்டாம் என்றும், அடுத்த கூட்டத்தைத் தம் வீட்டில் வைத்தால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே செய்தோம். உதவி செய்யப் போகிறவர்கள் முதலில் கேட்டறிய வேண்டும் என்பதை எங்கள் அன்பியம் அங்கேதான் கற்றுக்கொண்டது.

உங்கள் கூட்டத்தில் நீளப் பேசும் பெரியவரை ஒதுக்க வேண்டாம். இரண்டு நாள் முன்னதாகவே அவர் வீட்டுக்குப் போய் இம்முறையை விளக்கி, நான்காம் படியில் நேரத்தைக் கணித்து மௌனத்தைக் காக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். எங்கள் அன்பியத்தில் இது பயன் தந்தது.

பதில்: ஓர் அருள்பணியாளர்

அன்புச் சகோதரிக்கு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல விரும்புகிறேன்.

ஆர்வமுள்ளவர்களை மட்டும் சேர்த்துத் தனிக்குழு அமைப்பது எளிது. மூன்றே மாதத்தில் பலனும் தெரியும். ஆனாலும் அதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968-இல் மெதெயின் நகரில் கூடியபோதும், கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970-களில் சிறு கிறிஸ்தவச் சமூகங்களைத் தங்கள் முதன்மைப் பணியாக ஏற்றபோதும், அவர்கள் கண்முன் இருந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் சாதாரண மக்களே. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், 58-ஆம் பத்தியில், இத்தகைய சமூகங்களைத் திருச்சபையின் நம்பிக்கை என்று போற்றுகிறார்; அதே இடத்தில், தங்களுக்குள் ஒதுங்கிவிடக் கூடாது என்றும், தாங்கள் மட்டுமே நற்செய்தியைப் பெற்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். ஆர்வலர் குழு மிக விரைவில் சறுக்கும் இடம் அதுதான். மேலும், நீங்கள் தனியே எட்டுப் பேரை அழைக்கும்போது, அந்தப் பட்டியலில் மகனைப் பிரிந்து தவிக்கும் தாயின் பெயர் இருந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

நான் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் ஊர்கள் பலவற்றில் தெருக்கள் சாதிவாரியாக அமைந்திருக்கின்றன. அன்பிய எல்லையைத் தெருவாரியாக வரைந்தால், நாம் அறியாமலே, சில வேளைகளில் அறிந்தேகூட, சாதிக்கு ஓர் அன்பியம் என்று ஆக்கிவிடுகிறோம். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் எல்லைகளைத் திருத்தி வரைந்தேன். இரண்டு அன்பியங்களில் ஆறு மாதம் கூட்டமே நடக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசியபின் கூடினார்கள். அப்போதும் சில வீடுகளில் தேநீர் வேண்டாம் என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். முதல் திருச்சபையிலேயே அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரம் மூடி மறைக்கவில்லை. திருத்தூதர்கள் அதற்கெனவே எழுவரை நியமிக்கச் செய்தார்கள். நம் அன்பியங்களிலும் இந்த முறையீடு பேசப்பட வேண்டும். பேசாமல் ஆயிரம் முறை நற்செய்தியைப் பகிர்ந்தாலும் அது தெரு முனையைத் தாண்டாது.

வரியைப் பொறுத்தவரை, பங்கு அருள்பணிப் பேரவையில் முறையாகக் கேளுங்கள்: வரியை வேறொரு நாளில், வேறொருவர் வாங்கட்டும். வரி பாக்கி உள்ளவர் கூட்டத்துக்கு வர வெட்கப்படுகிறார் என்பது பங்குத்தந்தையர்க்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. எனக்கும் நெடுநாள் தெரியாது. நோட்டு கூட்டத்துக்கு வருவது நின்ற பிறகே, வராதிருந்த சில குடும்பங்கள் வரத் தொடங்கியதைக் கண்டேன்.

ஓர் அன்பியத்தில் 20 முதல் 30 குடும்பங்களுக்கு மேல் இருந்தால் பிரித்துவிடுவது நல்லது. வட்டமாக அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத கூட்டத்தில் எந்த முறையும் நிலைக்காது.

பதில்: இல்லத்தரசி, நகரப் பங்கு

தந்தை அவர்களும் ஆசிரியர் ஐயா அவர்களும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் இருவரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகிரப்பட்டது அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் அன்பியத்தில் ஒரு சகோதரி தம் கணவரின் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கண்ணீரோடு சொன்னார். மறுநாள் காலைக்குள் அது தண்ணீர்க் குழாயடிக்குப் போய், மாலைக்குள் கணவரின் காதுக்கும் போய்விட்டது. அந்த இரவு அவர் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. அதன்பின் ஓர் ஆண்டுக்கு மேல் எங்களில் எவரும் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை; வானிலை அறிக்கை போலப் பொதுவாகப் பேசிவிட்டுப் போனோம்.

இப்போது ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும், நற்செய்தியை வாசிக்கும் முன், பொறுப்பாளர் ஒருமுறை சொல்வார். எல்லாரும் "ஆம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன். பேசுபவருக்கு அறிவுரை சொல்ல மாட்டேன். "நான்" என்று பேசுவேனே தவிர "நீங்கள்" என்று பேச மாட்டேன். சடங்கு போலத் தோன்றலாம். ஆனால் வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகு மீற மனம் கூசுகிறது. குடும்பத்தில் அடி உதை நடக்கும் செய்தி வந்தால், அதைக் கூட்டத்தில் விரித்துப் பேச விடாமல், இரண்டு பெண்கள் தனியே போய்ப் பார்ப்பது என்றும் வைத்திருக்கிறோம்.

ஏழு படி முறையைப் பற்றி ஆசிரியர் ஐயாவிடமிருந்து சற்று வேறுபடுகிறேன். காலையில் நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகும் பெண்களுக்கு, இரவு எட்டு மணிக்கு ஏழு படிகள் நீளம். 2021-இல் தொடங்கிய உலக ஆயர் மாமன்றப் பயணத்தில் கையாளப்பட்ட தூய ஆவியாரில் உரையாடல் முறையை நாங்கள் சுருக்கமாகப் பயன்படுத்துகிறோம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டே நிமிடம் பேசுவார்கள். எவரும் குறுக்கிட மாட்டார்கள். சிறிது மௌனம். இரண்டாம் சுற்றில், மற்றவர் சொன்னதில் தம்மைத் தொட்டது எது என்று மட்டும் சொல்வார்கள். மீண்டும் மௌனம். மூன்றாம் சுற்றில் எல்லாருமாகச் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பார்ப்பார்கள். இரண்டாம் சுற்றுக்காகவே எல்லாரும் கவனமாகக் கேட்கிறார்கள். தாம் சொன்னதை இன்னொருவர் மனத்தில் வைத்துத் திருப்பிச் சொல்வதைக் கேட்கும்போது ஒருவர் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்கள் வருவதில்லை என்ற குறை எங்களுக்கும் உண்டு. கூட்டத்தை ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த கையோடு குருசடி (சிலுவை நிறுவிய சிற்றாலயம்) நிழலில் வைத்தபோது நான்கைந்து பேர் வந்தார்கள். அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை.

பதில்: அன்பிய ஒருங்கிணைப்பாளர், பணிநிறைவு பெற்ற ஆசிரியர்

சகோதரி சொன்ன இரகசியம் காக்கும் உறுதிமொழியை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எங்கள் அன்பியத்தில் அது சொல்லாமலே காக்கப்பட்டது என்று எண்ணியிருந்தேன். இதைப் படித்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த கூட்டத்திலேயே அதை நாங்களும் தொடங்குகிறோம்.

கேள்வி கேட்டவர்: மறைக்கல்வி ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தனிக்குழு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். வரி நோட்டைப் பற்றிப் பேரவைச் செயலரிடம் பேசினேன். வரும் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவரைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகிறேன்.

நேற்று மாலை அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைக்கவில்லை. அன்று நீங்கள் சொல்லி முடிக்கவில்லையே அம்மா, அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்தார். கோயிலில் இரவு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதக் கூட்டத்தை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று, நான் புறப்படும்போது அவரே கேட்டார்.