மே மாதம், மதுரை ரோடு, 2 பவுண்டு காற்று

ரங்கன் (ராமமூர்த்தி நகர்):
பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அந்தப் பழைய வாட்ஸப் செய்தி மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது: "வெயிலில் தூரம் போகுமுன் டயரில் காற்றழுத்தத்தை 2 பவுண்டு (psi) குறையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்." இந்தக் குழுவில் பெங்களூர்–மதுரை பயணத்துக்கு வழி கேட்டவரிடமும் ஒரு பெரியவர் அதையே ஓதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். சூடு பிறப்பதே அந்த மடிப்பில்தான். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கு ரப்பரை விட்டுப் பிரியும். அப்புறம்தான் வெடிப்பு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் அழுத்த அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் போட்டிருப்பதை வையுங்கள், போதும்.

அண்ணாச்சி (அல்சூர்):
"ஒரு பெரியவர்" நான்தான் தம்பி. பேரைச் சொல்லியே திட்டலாம், தப்பில்ல. 33 வச்சுக் கிளம்புற வண்டி கிருஷ்ணகிரி தாண்டும்போது 38 காட்டுது. அந்த 5 எங்கிருந்து வந்துச்சு? வெயில்ல வந்துச்சு. அதுல 2-ஐ வீட்டுலயே எடுத்துட்டுப் போனா 36-ல நிக்கும். இதுக்கு எதுக்கு எஃகு, அடுக்கு?

ரங்கன்:
அந்த 5 ஏறும் என்று தெரிந்துதான் கார் கம்பெனிக்காரன் 33 என்று போட்டிருக்கிறான், அண்ணாச்சி. உங்கள் வண்டி டயரின் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள், உச்ச அழுத்தம் அச்சடித்திருக்கும். கார் டயர்களில் பெரும்பாலும் 44 அல்லது 51. 38-ஐப் பார்த்து நடுங்க என்ன இருக்கிறது?

கமலா (கம்மனஹள்ளி):
ரெண்டு பேரும் 33, 33-ன்னு சொல்றீங்களே, அது ஆறின டயர்லயா, ஓடின டயர்லயா? அதை முதல்ல பேசி முடிச்சுக்கிட்டா நல்லது. அப்படியே, குழந்தைகளைக் கூட்டிட்டு மல்லச்சந்திரம் கற்திட்டைகளை, அதான் அந்தப் பழங்காலக் கல்லறைகளை, பார்க்கணும். சூளகிரி தாண்டி எங்க திரும்பணும்?

அண்ணாச்சி:
33-ன்னா 33தான்மா. இதுல ஆறினது என்ன, ஆறாதது என்ன, காப்பியா?

ரங்கன்:
கணக்காகவே போடுகிறேன், சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்த மானி காட்டும் 33-உடன் வெளிக்காற்று அழுத்தம் 14.7-ஐச் சேர்த்தால் 47.7. டயர் 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு (கெல்வின் அளவில் 300-இலிருந்து 330-க்கு) சூடானால் அது பத்தில் ஒரு பங்கு கூடி 52.5 ஆகும். 14.7-ஐக் கழித்தால் ஏறக்குறைய 38. அண்ணாச்சி பார்த்த அதே 38! அதாவது அவர் பார்த்தது கோளாறு இல்லை, இயற்கை. இப்போது 31-இல் கிளம்புங்கள். டயர் கூடுதலாக மடங்கும், 57 டிகிரியோடு நிற்காது. நீங்கள் எடுத்த 2 பவுண்டில் ஒரு பகுதியைச் சூடே திருப்பி நிரப்பிவிடும். எதற்கு எடுத்தீர்கள்?

செல்வம் (ஒயிட்ஃபீல்ட்):
14.7 கடல் மட்டத்துக் கணக்கு. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல இருக்கு, இங்க 13.2-தான். மதுரையில 14.5. ஒரே சூட்டுல, இங்க 33 வச்ச டயர் அங்க 32-க்கும் கீழதான் காட்டும். மதுரையில காலைச் சூடு கூட இருக்கறதால அது கிட்டத்தட்ட சரியாயிடும். கணக்குப் போடுறவங்க இதையும் சேர்த்துப் போடணும்.

ரங்கன்:
வந்துவிட்டார். டயரில் நைட்ரஜன் அடைக்கலாமா என்ற விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து ஒரு தசம புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் என்று சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை.

செல்வம்:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒத்துக்க மனசு இல்லைன்னா விடுங்க.

அண்ணாச்சி:
பாத்தீங்களா? கீழ இறங்கினா 32 காட்டும்னு அவரே சொல்றாரு. ஆக டயர் தானாவே குறைச்சுக்குது. நான் சொன்னா மட்டும் தப்பு!

ரங்கன்:
அண்ணாச்சி, காற்று வெளியே போகவில்லை! வெளிக்காற்று கூடியிருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சிவா (எலக்ட்ரானிக் சிட்டி):
டயரை விடுங்க பாஸ். தொப்பூர் கணவாய் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம் ஆகும், அதைப் பேசுங்க.

ரங்கன்:
ஒரு டயர் போதாதென்று இது வேறா. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் எரிபொருள் அடியோடு நிற்கும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க பெட்ரோல் குடிக்கும். மிச்சமாவது மண்ணாங்கட்டியாவது. சாவியையும் அணைத்தால் பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், ஸ்டியரிங்கும் கல்லாகும். இரட்டைப் பாலம் பக்கம் லாரிகள் மோதிக்கொள்வது ஏன் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது கியர், தேவைப்பட்டால் இரண்டாவது. பிரேக்கை அழுத்திவிட்டு எடுங்கள், மிதித்தபடியே இறங்காதீர்கள்.

சிவா:
ஒரு வரி கேட்டேன், பாடமே எடுத்துட்டீங்க.

கமலா:
மல்லச்சந்திரம்?

செல்வம்:
அதை விடுங்க மேடம், நாமக்கல் போங்க. ஆஞ்சநேயர் 18 அடி, மேல கூரையே கிடையாது. பக்கத்துலயே ஒரே பாறை மேல கோட்டை. ஆனா மதியம் நடை சாத்திடுவாங்க, கோட்டைப் பாறையும் அந்த நேரத்துல தோசைக்கல்லு. காலையில 5 மணிக்குள்ள பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டலைன்னா ரெண்டும் போச்சு.

அண்ணாச்சி:
கிருஷ்ணகிரியில நிறுத்தி மாம்பழம் வாங்காம கரூர் அத்தை வீட்டுக்கு எப்படிப் போறதாம்? 20 கிலோ பெட்டி நாலு. பெங்களூரா வேண்டாம், செந்தூரம் வாங்குங்க.

செல்வம்:
பெங்களூரான்னு பேரு வச்சதே நீங்கதான் போல. அது கிளிமூக்கு.

அண்ணாச்சி:
கிளிமூக்கும் அதுதான், பெங்களூராவும் அதுதான். ஊருக்கு ஒரு பேரு. மாம்பழத்துலயும் தசம புள்ளியா?

ரங்கன்:
ஐந்து பேர், பெட்டி படுக்கை, அதற்கு மேல் 80 கிலோ மாம்பழம், டயரில் 2 பவுண்டு குறைவு! கேட்கவே நெஞ்சு பதறுகிறது. தூணில் இருக்கும் அட்டவணையில் இரண்டு வரி இருக்கும்: இரண்டு மூன்று பேர் போனால் ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. முழுப் பார வரியில் பின்சக்கரத்துக்குக் கூடுதலாகவே இருக்கும். பாரம் கிருஷ்ணகிரியில் ஏறினாலும் காற்றை வீட்டிலேயே ஏற்றிவிடுங்கள். அங்கே டயர் கொதித்துக்கொண்டிருக்கும், மானி காட்டுவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது, 38-ஐ 33 ஆக்கினால் மறுநாள் காலை ஆறியதும் 29-க்கும் கீழே நிற்கும். காற்றுக்கடை வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழ் வருகிறதா பாருங்கள், மூடி போடுங்கள். பக்கச்சுவரில் தேதி எண் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். அவ்வளவு பழைய டயரை மாற்றிவிட்டுப் போங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். ஒல்லி டயராக இருந்தால் அதற்கு 60 பவுண்டு, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

அண்ணாச்சி:
ஸ்டெப்னிக்கு 60 வைக்கலாம், ஓடுற டயருக்கு 38 வந்தா பதறக்கூடாது. நல்லா இருக்கு நியாயம்.

ரங்கன்:
பதறியது நீங்கள், அண்ணாச்சி!

செல்வம்:
அந்த 14.7-ஐ இன்னும் திருத்தலை.

அண்ணாச்சி:
சனிக்கிழமை கிளம்புறவங்க 31 வச்சுட்டுப் போங்க. மீதியை வெயில் பாத்துக்கும்.

ரங்கன்:
33. ஆறின டயரில். பாரம் இருந்தால் அட்டவணையில் உள்ளபடி.

கமலா:
ஆறின டயர்னு இப்பவாவது வாயில வந்துச்சே. மல்லச்சந்திரத்துக்கு எங்க திரும்பணும்னு யாருக்காவது தெரியுமா, தெரியாதா?