தோட்டத்து ஹோஸ் மாட்டினா ஹரிக்கேன் பயந்து ஓடிடுமா?

நங்கூரம்72:
பக்கத்துத் திரியில, கரீபியன் தீவு கிரெனடாவுல இருக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கார்: "படகைக் கட்டுற ரோப்பு உரசுற இடத்துல தோட்டத்து ஹோஸ் ஒரு முழம் வெட்டி மாட்டிவிட்டா போதும், ஹரிக்கேன் சீசனுக்கு யாட் ரெடி." அதுக்கு நாப்பது லைக் வேற! நான் ஃப்ளோரிடா ஃபோர்ட் லாடர்டேல்ல 11 வருஷமா யாட்ல டெக் வேலை பார்க்கிறவன். 2017 இர்மா புயல் போன மறுநாள், 42 அடி பாய்ப்படகு ஒண்ணு ஜெட்டி மேல ஏறிக் கிடந்துச்சு. ரோப்பு வெளியே பார்க்கப் புதுசு. ஹோஸை உருவினா, உள்ள நைலான் உருகி, ஆறின வெல்லப்பாகு மாதிரி கட்டியா ஒட்டிக்கிடந்தது. நைலான் இழுபட்டு இழுபட்டு உள்ளுக்குள்ளயே சூடாகும். மழைத்தண்ணி பட்டாதான் ஆறும். அதுக்குப் போய் ரப்பர் சட்டை போட்டு மூடினா?

பிரிக்ளிபே_தம்பி:
அண்ணே, என் பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ரெண்டு சீசனா அதே ஹோஸோடதான் என் படகு நிக்குது. ஒண்ணும் ஆகல.

நங்கூரம்72:
ரெண்டு சீசன்ல உங்க குடாவுக்குள்ள புயல் வந்துச்சா? வெயில்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டை இல்லைன்னு சொல்ற கதையா இருக்கு.

பிரிக்ளிபே_தம்பி:
புயல் இங்க வராது. கிரெனடா ஹரிக்கேன் பாதைக்குத் தெற்கே இருக்கு. அதுக்குத்தானே ஜூன் பிறந்தா பாதி கரீபியன் படகு இங்க வந்து அடையுது?

கடல்காத்து:
2004 ஐவான் புயல் வந்தப்ப கிரெனடா என்ன வடக்கேயா இருந்துச்சு? ஊர்ல கூரை மிஞ்சின வீடு எத்தனைன்னு அக்கம்பக்கத்துல கேளுங்க. 2024 ஜூலை 1, பெரில் புயல் கிரெனடாவோட கேரியகூ தீவு மேல ஏறினப்ப 4ஆம் வகை, உச்சமே 5தான். சீசனே ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும்தான், செப்டம்பர்லதான் உச்சம். அது சீசன் தொடங்கி ஒரே மாசத்துல வந்து நின்னுச்சு. கேரியகூ டிரெல் பே குடாவுல அலையாத்திக் காட்டுக்குள்ள ஒதுங்கின படகெல்லாம் தீப்பெட்டியைக் கொட்டின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. தம்பி அதுக்கு அப்புறம் வந்தவர் போல.

புதியவன்:
ஒரு சந்தேகம். எந்த ஹோஸைச் சொல்றீங்க? தோட்டத்து ரப்பர் ஹோஸா, துணி மாதிரி இருக்குமே, பழைய ஃபயர் ஹோஸ், அதுவா? ரோப்பு நைலானா பாலியெஸ்டரா?

பருத்தித்துறையான்:
அது கிடக்கட்டும். யாட் யாட் எண்டு ஏன் எழுதுறியள்? பாய்க்கப்பல் எண்டு நல்ல தமிழ் இருக்கு.

கடல்காத்து:
மோட்டார் யாட்டுக்கு எந்தப் பாயை அண்ணை கட்டுறது?

பருத்தித்துறையான்:
நக்கல் வேண்டாம். நாங்கள் வள்ளம் ஓட்டின ஆக்கள்.

நாகை_ஃபைபர்:
எங்க ஊர்ல புயல் கூண்டு ஏத்தினா படகைக் கரையேத்துவோம், அவ்வளவுதான். தண்ணியில விட்டுட்டு ஹோஸ் மாட்டலாமா கூடாதான்னு மல்லுக்கட்டுறது காசு இருக்கிறவன் பொழுதுபோக்கு.

நங்கூரம்72:
அண்ணாச்சி, அடியில கீல்னு கனமான துடுப்பு மாதிரி தொங்குற பத்து டன் படகை ஆள் சேர்த்துத் தள்ள முடியாது. படகைத் தூக்குற கிரேன், டிராவல் லிஃப்ட் வேணும். அதுக்கு க்யூ. ஏத்தினாலும் படகைத் தாங்குற ஸ்டாண்டுகளை ஒண்ணோட ஒண்ணு செயின் போட்டுக் கட்டணும், பாயை முழுசாக் கழட்டணும். சுருட்டித்தானே வெச்சிருக்கேன்னு முன்பாயை விட்டா காத்து நுனியைப் பிடிச்சு அவிழ்த்துரும். காத்து வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு. பாட்டரி சார்ஜ், அடியில தேங்குற தண்ணியை இறைக்கிற பில்ஜ் பம்பு, காக்பிட்ல தண்ணி வடியுற ஓட்டையில இலை அடைச்சிருக்கா, எல்லாம் பார்க்கணும். ஆனா பேச்சு அது இல்ல. பேச்சு ஹோஸ்.

பிரிக்ளிபே_தம்பி:
போன வருஷம் படகு அடிக்கு அடிக்கிற பெயிண்ட் திரியில நான் சொன்னது சரின்னு ஆச்சு பாருங்க, அன்னையிலிருந்து அண்ணனுக்கு என் மேல காண்டு.

நங்கூரம்72:
எது, நாலே மாசத்துல அடி முழுக்கச் சிப்பி அப்பின அந்த பெயிண்டா?

பிரிக்ளிபே_தம்பி:
சிப்பி இல்ல, பாசி!

கடல்காத்து:
ரெண்டுமே இருந்துச்சு. போட்டோ நானும் பார்த்தேன்.

பிரிக்ளிபே_தம்பி:
அப்ப ஹோஸ் இல்லாம விடச் சொல்றீங்களா? இரும்பு விளிம்புல அறுத்துட்டுப் போயிரும்ல?

நங்கூரம்72:
ஹோஸ் இல்லாம விடுன்னு நான் எங்க சொன்னேன்? ரப்பர் ஹோஸுக்குள்ள நைலான் உருகும்னு சொன்னேன். மூணாவது தடவை எழுதுறேன். உருகும்.

புதியவன்:
அதான் நான் முதல்லயே கேட்டேன். ரப்பரா, ஃபயர் ஹோஸா?

பருத்தித்துறையான்:
ஹோஸ் எண்டதுக்கும் தமிழ் இருக்கு.

பிரிக்ளிபே_தம்பி:
நவம்பர் 30 வரைக்கும் ஹோஸைக் கழட்டப் போறதில்ல. நாளைக்குக் காலையில போட்டோ போடறேன், கண்ணு குளிரப் பாருங்க.

நங்கூரம்72:
வெளியே எடுத்த போட்டோ எதுக்கு? உருவிட்டு எடு.