அடிஸ் அபாபா பயணம்: சென்று வந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் நானும் என் அம்மாவும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஐந்து நாள் தங்கவிருக்கிறோம். அந்நகரை அறிந்தவர்கள் சில ஐயங்களைத் தீர்த்துவைக்க வேண்டுகிறேன்.

முதல் குழப்பம் கடிகாரம். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவதால், நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. விடுதிக்காரர் தொலைபேசியில் வண்டி இரண்டு மணிக்கு வரும் என்றதை நான் பிற்பகல் என்றே குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதோ காலை எட்டு மணி! பேருந்துச் சீட்டிலும் அருங்காட்சியக வாசலிலும் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள்?

அம்மா சைவம். புதன், வெள்ளிக்கிழமைகளில் மரபுவழிக் கிறித்தவர்கள் இறைச்சி, பால், முட்டை தவிர்த்து நோன்பிருப்பதால், டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோல் சுடும் இஞ்செராவோடு பருப்புக் குழம்பும் கடலைமாவில் செய்யும் ஷிரோவும் எளிதில் கிடைக்கும் என்று அறிகிறேன். மற்ற நாள்களிலும் 'ட்சோம்', அதாவது நோன்பு உணவு, என்று கேட்டால் தருவார்களா?

தேசிய அருங்காட்சியகத்தில், 1974-இல் கண்டெடுக்கப்பட்ட 32 லட்சம் ஆண்டுப் பழமையான, லூசி என்று பெயரிடப்பட்ட ஆதி மனித இனத்தின் எலும்புக்கூட்டு நகலைக் காண்பது உறுதி. ஆனால், பச்சைக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, ஜெபெனா என்னும் மண்குடுவையில் காய்ச்சி, மூன்று சுற்றாக ஊற்றித் தரும் காபிச் சடங்கில்தான் எனக்கு ஆசை அதிகம். மூன்றாவது சுற்றுக்கு முன் எழுந்துவிட்டால் மரியாதைக் குறைவாகுமா?

இயேசுவின் திருமுழுக்கை நினைவுகூரும் ஜனவரி 19 திம்கத் திருவிழாவில், ஜான் மேடா திடலின் நெரிசல் அறுபது வயதைக் கடந்தவருக்குத் தாங்குமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.