மாணவர் ஒன்றியக் கட்டட ஹோலில கூத்துப் போட இடம் கேட்டம், லெட்டர் கிறுகி வந்திட்டு. என்ன பிழை?

சல்லரிக்காரன்:
மட்டக்களப்புப் பக்கம் வளாகத்தில படிக்கிறன். எங்கட மன்றம் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வடமோடிக் கூத்து (பாட்டும் ஆட்டமுமான நாட்டுக்கூத்தில ஒரு வகை) ஒண்டு போடுது. மாணவர் ஒன்றியக் கட்டடத்து மேல்மாடி ஹோலை ஒன்றியத் தலைவரிட்டக் கேட்டம். "போடுங்கடா" எண்டார். அதை நம்பி, கூத்துப் பழக்கிற அண்ணாவியாருக்கும் நாள் சொல்லியாச்சு. இப்ப லெட்டர் திரும்பி வந்திருக்கு. கீழ் மூலையில சிவப்பு மையால ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

மறுகா இன்னொரு தலையிடி. ஹோலில கதிரையெல்லாம் மேடையைப் பாத்து வரிசையா. அண்ணாவியார் வட்டக்களரி, அதான் சனம் சுத்தி இருந்து பாக்கிற வட்டமான ஆடுகளம், இல்லாட்டி மத்தளத்தைத் தொடமாட்டாராம். மழை மாசம், வெளியில போடவும் ஏலாது.

வாவிக்கரை:
டவுனுக்குள்ள தேவநாயகம் மண்டபத்தை எடுங்களன்.

சல்லரிக்காரன்:
வாடகைக்குக் காசிருந்தா இஞ்ச ஏன் கேக்கிறன்?

பழைய செயலாளர்:
தம்பி, லெட்டரில ஆர் ஆர் ஒப்பம் வைச்ச? தலைவரும் செயலாளரும் மட்டும்தானே? பெரும் பொருளாளர் சேர் (மன்றத்துக் காசுக்குப் பொறுப்பான விரிவுரையாளர்) ஒப்பம் வைக்காத லெட்டர் எங்கட காலத்திலயும் அசையல்ல. மூண்டு தரம் நடந்து தேஞ்சுதான் எனக்கு விளங்கினது.

ஒன்றியத் தலைவர் சொன்னது வாய்ச்சொல். இடம் உங்கட எண்டா பதிவுக் கொப்பியில மன்றத்துப் பேர் ஏறியிருக்கணும். அப்ப அது மட்டை கிழிஞ்ச பச்சைக் கொப்பி. பென்சிலால எழுதினா கேட்டிருக்கு, பேனையால எழுதினா குடுத்தாச்சு. போய்க் கண்ணால பாருங்க.

நேரம் 6 இருந்து 9 எண்டு போட்டிருப்பீங்க. அரிதாரம் பூசி, கரப்புடுப்பு எண்ட அகலமான கூத்து உடுப்பைக் கட்டி முடியவே எவ்வளவு நேரம் போகும்! மத்தியானம் 2 மணியில இருந்து கேளுங்க, முடிஞ்சு ஒதுக்கிறதுக்கும் ஒரு மணித்தியாலம் சேருங்க. "கதிரைகளைச் சுவரோரம் அடுக்குவம், முடிய நாங்களே பழையபடி வைப்பம்" எண்டு ஒரு வரி கட்டாயம். நடு வெளியைப் பென்சிலால வட்டமாக் கீறி லெட்டரோட குத்திவிடுங்க. களரி எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களும் பாத்தா விளங்கிரும்.

வாசல் கேட் காவலருக்கும் லெட்டரில ஒரு பிரதி. அண்ணாவியார், பிற்பாட்டுக்காரர் பேர், வான் நம்பர் எல்லாம் அதில இருக்கணும். எங்கட மத்தளம் ஒருக்கா கேட்டடியில ஒரு மணித்தியாலம் நனைஞ்சது.

ஓட்டமாவடிப் பொடியன்:
பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலயே பேராதனையில கூத்தைச் சுருக்கி மேடையேத்தினவர்தானே? மேடையிலயே ஆடினா என்ன?

சல்லரிக்காரன்:
அண்ணாவியாரிட்ட அதையும் சொல்லிப் பாத்தன். "அவர் ஏத்தினவர், நான் இறங்கமாட்டன்" எண்டார்.

சல்லரிக்காரன் (நாலு நாளைக்குப் பிறகு):
பழைய செயலாளர் அண்ணன், நீங்க சொன்னதுதான். கேள்விக்குறி இருந்த மூலை பெரும் பொருளாளர் ஒப்பம் வைக்கிற இடம். சேரைப் பிடிச்சு வைச்சாச்சு. கொப்பியில அதே நாள் வேற ஒரு மன்றம் பென்சிலால கிடந்தது. அவங்களோட கதைச்சம், காலமைக்கு மாறிட்டாங்க. 2 மணி தொட்டு எங்கட பேர் பேனையால ஏறிட்டு. கீறின வட்டத்தைப் பாத்து அங்க இருந்தவர், "கதிரையைத் திருப்பி அடுக்குவீங்கதானே?" எண்டு ரெண்டு தரம் கேட்டார்.

வாவிக்கரை, மண்டபம் சொன்ன நீங்க கதிரை தூக்க வருவீங்களா?

வாவிக்கரை:
சாப்பாடு உண்டா?