மூன்று கம்ப்யூட்டர், ஒரே மானிட்டர்: எந்த கேவிஎம் சுவிட்ச் வாங்குவது?

வேளச்சேரிவாசி:
வீட்டில் மேசை சின்னது. ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் லேப்டாப், என் சொந்த டெஸ்க்டாப், அப்புறம் உபுண்டு (லினக்ஸ்) போட்டு, ஃபைல்களை வைத்துப் பகிரும் சர்வராக ஓடும் ஒரு பழைய சிபியு. மூன்றுக்கும் ஒரே கீபோர்டு, மவுஸ், 27 இன்ச் 4கே மானிட்டர். தினமும் மேசைக்கு அடியில் புகுந்து கேபிளைப் பிடுங்கி மாட்டியதில் டெஸ்க்டாப்பின் யுஎஸ்பி போர்ட் ஆட்டம் கண்டுவிட்டது. ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரைப் பல கம்ப்யூட்டர்களுக்கு மாற்றிவிடும் பெட்டியான கேவிஎம் சுவிட்ச் வாங்கலாமென்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் கடைக்குக் கடை விலை ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம், ஆனால் எல்லா அட்டைப்பெட்டியிலும் 4கே என்றுதான் போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? கீபோர்டும் மவுஸும் வயர்லெஸ், இரண்டுக்கும் ஒரே டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்).

கேபிள் பிரியன்:
4கே என்ற எழுத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் பொடியாக 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறதா 60 என்றிருக்கிறதா என்று பாருங்கள், அதாவது திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்ற கணக்கு. எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4 என்றால் 4கேயில் 30க்கு மேல் போகாது. படம் பார்க்கலாம், ஆனால் மவுஸை வேகமாக நகர்த்தினால் அம்பு விட்டுவிட்டுத் தாவும், நாள் முழுக்க அதில் வேலை செய்தால் எரிச்சல்தான் மிச்சம். 60 வேண்டுமென்றால் சுவிட்ச், கேபிள் எல்லாமே எச்டிஎம்ஐ 2.0, அதாவது நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்குவதாக இருக்கவேண்டும்.

அடுத்து, ஈடிஐடி எமுலேஷன், அதாவது மானிட்டர் மாட்டியே இருப்பதாக எல்லாக் கம்ப்யூட்டருக்கும் காட்டும் வசதி, உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இது இல்லாத சுவிட்சில் நீங்கள் வேறு கம்ப்யூட்டருக்கு மாறியதும், பழைய கம்ப்யூட்டர் மானிட்டரையே கழற்றிவிட்டார்கள் என்று நினைத்து, திறந்து வைத்த ஜன்னல்களை எல்லாம் லேப்டாப் திரைக்குள் வாரிப் போட்டுவிடும்.

டாங்கிளை கீபோர்டு படம் போட்ட போர்ட்டில் செருகாதீர்கள், பல சுவிட்சுகளில் அங்கே சாதாரண வயர் கீபோர்டுதான் ஒழுங்காக வேலை செய்யும். பக்கத்தில் சும்மா ஒரு யுஎஸ்பி போர்ட் இருக்கும், அதில் செருகுங்கள். ஆனால் அப்போது கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் கீயை இரண்டு முறை தட்டி கம்ப்யூட்டர் மாறும் வசதி பெரும்பாலும் கிடைக்காது, பட்டனைத்தான் அமுக்கவேண்டும்.

மடிப்பாக்கம்:
இவ்வளவு தலைவலி எதற்கு? உங்கள் மானிட்டருக்குப் பின்னால் எச்டிஎம்ஐ இரண்டு, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று இருக்கும், பாருங்கள். எல்லாவற்றையும் நேராக மானிட்டரில் மாட்டிவிட்டு, கீபோர்டு மவுஸுக்கு மட்டும் ஒரு யுஎஸ்பி சுவிட்ச் வாங்கினால் போதும், விலையும் சல்லிசு. வீடியோ நடுவில் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையாததால் சுவிட்சால் வரும் 30, 60 பிரச்சினை வராது. மாறும்போது மானிட்டர் பட்டனில் ஒரு தட்டு, சுவிட்சில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

வேளச்சேரிவாசி:
இது நல்லாயிருக்கே. சாஃப்ட்வேரிலேயே முடிக்கலாம், மவுஸ் விதவுட் பார்டர்ஸ் போடு என்று நண்பன் சொல்கிறான். அது சரிவருமா?

கேபிள் பிரியன்:
அது கீபோர்டையும் மவுஸையும் நெட்வொர்க் வழியாகப் பகிரும், மானிட்டரைப் பகிராது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும், உபுண்டுவுக்கு ஆகாது. போதாததற்கு ஆபீஸ் லேப்டாப்பில் அதைப் போட ஐடி ஆட்களிடம் அனுமதி கேட்டு டிக்கெட் போடவேண்டும், அதற்குள் தீபாவளியே வந்துவிடும்.

டெர்மினல் தாத்தா:
தம்பி, ஃபைல் சர்வருக்கு எதற்கு மானிட்டர்? எஸ்எஸ்எச் போட்டு, அதாவது நெட்வொர்க் வழியாகக் கட்டளை தட்டி, டெஸ்க்டாப்பிலிருந்தே உள்ளே போய்விடலாமே. பூட் ஆகாமல் மக்கர் செய்தால் மட்டும் கேபிள் மாட்டினால் போதும். அப்போது உங்களுக்கு வேண்டியது இரண்டு கம்ப்யூட்டருக்கான யுஎஸ்பி சுவிட்ச்தான், மூன்று, நான்கு போர்ட் வைத்த பெட்டிக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

வேளச்சேரிவாசி:
இது எனக்குத் தோன்றவே இல்லை தாத்தா! சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன், இரண்டு போர்ட் யுஎஸ்பி சுவிட்ச் மட்டும்தான்.

மடிப்பாக்கம்:
வயரோடு கையில் வைத்து அமுக்கும் பட்டன் வரும் மாடலாகக் கேளுங்கள், சுவிட்சை மேசைக்குப் பின்னால் ஒட்டிவிட்டு பட்டனை மட்டும் மேலே வைத்துக்கொள்ளலாம். டாங்கிளையும் அந்தச் சுவிட்சில்தானே செருகப் போகிறீர்கள், மேசைக்குப் பின்னால் போனால் சிக்னல் திணறும், சின்னதாக ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷனும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.