காரைக்குடியில் இருந்துகொண்டு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனைப் பின்தொடர்வது எப்படி?

கழனிவாசல்_ஆச்சி (கேள்வி):

வணக்கம். தம்பி ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறான், ஊர் கொலம்பஸ். ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் ஃபுட்பால் சீசன் தொடங்குகிறது. இங்கே ஐயாவும் நானும் சீசன் முழுக்கப் பின்தொடர விரும்புகிறோம். டச்டவுனுக்கு 6 புள்ளி, நாலு டவுனில் (முயற்சியில்) 10 கஜம் போக வேண்டும் என்கிற அடிப்படை தெரியும். தெரியாதது இவ்வளவு:

ஆட்டம் நம்ம நேரத்துக்கு எப்போது விழும்? அணிப் பெயருக்கு முன்னால் 3, 11 என்று எண் போடுகிறார்களே, அது யார் கொடுப்பது? ஓர் ஆட்டம் தோற்றால் கோப்பை வாய்ப்பு போய்விடுமா? வீடியோ கிடைக்காத ஆட்டத்தை எப்படிப் பின்தொடர்வது? இன்னொன்று, எங்களுடையது பழைய வீடு. முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாங்கட்டுக்கு வருவதே இல்லை. ஐயா படுப்பது அங்கேதான்.

பள்ளத்தூர்க்காரன்:

ஆச்சி, நேரத்தை மட்டும் நான் சொல்கிறேன். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தவறுவது இதில்தான்.

எல்லாக் கணக்கையும் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் வையுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு வரை அதோடு ஒன்பதரை மணி நேரம் கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு பத்தரை. ஒஹையோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) ஆட்டங்களை ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றும் பிரித்துக் காட்டுகின்றன. பெரும்பாலும் ஃபாக்ஸுக்குப் பகல் 12 மணி, சி.பி.எஸ்ஸுக்கு மாலை 3:30, என்.பி.சி.க்கு இரவு 7:30. நமக்கு அது முறையே சனி இரவு 9:30, ஞாயிறு அதிகாலை 1:00, ஞாயிறு காலை 5:00. நவம்பரில் கடிகாரம் மாறியதும் 10:30, 2:00, 6:00.

ஒஹையோ ஸ்டேட் பெரிய அணி என்பதால் ஃபாக்ஸ் அவர்களை அடிக்கடி பகல் ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். அங்கே இருக்கிற ரசிகர்களுக்கு அதில் வருத்தம், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் கிடைப்பதில்லை என்று. நமக்கோ அதுதான் ஆகச் சிறந்த நேரம். ராத்திரி சாப்பாடு முடித்து உட்கார்ந்தால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆட்டக் கடிகாரம் 60 நிமிடம்தான், மற்றதெல்லாம் விளம்பரமும் நிறுத்தமும் 20 நிமிட இடைவேளையும்.

அதிகாலை 1 மணி ஆட்டம்தான் கஷ்டம். அதை முழித்திருந்து பார்க்காதீர்கள். தூங்கி எழுந்து, ஸ்கோர் தெரியாமல் முழுப் பதிவையோ சுருக்கத்தையோ பாருங்கள். அதற்கு முன்கூட்டியே ஸ்கோர் செயலியின் அறிவிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். தம்பியிடமும் சொல்லிவைக்க வேண்டும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் முதல் செய்தியே முடிவாகத்தான் இருக்கும்!

நேரம் முழுசாக ஆகஸ்டிலேயே வெளிவராது. முதல் சில வாரங்களும் ஒன்றிரண்டு பெரிய ஆட்டங்களும் மட்டும் முன்பே தெரியும். மற்றவற்றை டிவி நிறுவனங்கள் வழக்கமாக 12 நாளுக்கு முன்னால் அறிவிக்கும், சில சமயம் 6 நாள்தான். அதுவரை அட்டவணையில் டி.பி.டி. அல்லது டி.பி.ஏ. (நேரம் இன்னும் முடிவாகவில்லை) என்று இருக்கும். அந்த ஆட்டங்கள் கைப்பேசிக் காலண்டரில் இறங்கும்போது நள்ளிரவு 12 என்று ஏதோ ஒரு நேரம் காட்டும், நம்பாதீர்கள். காலண்டரில் கையால் குறிப்பதாக இருந்தால் நேர மண்டலத்தைக் கொலம்பஸ் என்றோ நியூயார்க் என்றோ வைத்துக் குறியுங்கள். இந்திய நேரத்தில் போட்டால் நவம்பரில் எல்லாம் ஒரு மணி நேரம் பிசகும். பல்கலைக்கழகத் தளங்கள் தங்கள் ஊர் நேரத்தைத்தான் போடும். டெக்சாஸ் பக்கத்து அணி 2:30 என்று போட்டால் அது கிழக்கு நேரத்தில் 3:30.

பிக் டென்னில் வீரர்களின் காயப் பட்டியல் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வெளிவந்தாக வேண்டும். பகல் ஆட்டமென்றால் நமக்கு இரவு 7:30. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆடுகிறாரா என்று அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தேவகோட்டை_ரஸ்தா:

எண்ணுக்கும் கோப்பைக்கும் வருகிறேன்.

நம்ம நகரத்தாரில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது கோவிலில் ஒன்றைச் சேர்ந்தது போல, அங்கே ஒவ்வொரு அணியும் ஒரு கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. நாம் கோவில் மாறுவதில்லை, அவர்கள் மாறுகிறார்கள். 2024-இல் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஒரெகன், வாஷிங்டன் நாலும் பிக் டென்னுக்கு வந்ததால் அது இப்போது 18 அணி. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் போய்ச் சேர்ந்ததால் எஸ்.இ.சி. 16. ஏ.சி.சி., பிக் 12 இரண்டும் அடுத்த நிலை. நோட்ர டேம் ஃபுட்பாலில் மட்டும் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை. பழைய கட்டுரைகளைப் படித்தால் குழப்பம் வரும், 2024-க்குப் பிறகு எழுதியதை மட்டும் படியுங்கள்.

வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 12 ஆட்டம்தான். பிக் டென்னில் அதில் 9 தங்கள் கான்ஃபரன்ஸுக்குள். ஆட்டம் இவ்வளவு குறைவு என்பதால்தான் ஒவ்வொன்றுக்கும் இத்தனை பரபரப்பு. 12 முடிந்ததும் கான்ஃபரன்ஸில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் டிசம்பர் முதல் வாரம் இண்டியானாபோலிஸில் மோதுவார்கள். வழக்கமாக அங்கே இரவு 8 மணி, நமக்கு ஞாயிறு காலை 6:30.

பெயருக்கு முன்னால் வரும் எண் இரண்டு வகை. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பார்ப்பது ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) கருத்துக்கணிப்பு. 1936 முதல் நடக்கிறது, போடுவது விளையாட்டு நிருபர்கள். ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசைப்படுத்துவார், முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசிக்கு 1. ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு வரும், நமக்கு இரவு 11:30. இதற்கும் கோப்பைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நவம்பர் பிறந்ததும் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று) தேர்வுக்குழுவின் 13 பேர் தங்கள் சொந்தப் பட்டியலைச் செவ்வாய் இரவு வெளியிடுவார்கள், நமக்குப் புதன் காலை. அதன் பிறகு ஸ்கோர் பலகைகளில் அந்த எண்தான் இருக்கும். அதனால்தான் ஒரு வாரம் 5 என்று பார்த்த அணி ஆடாமலே 7 ஆனது போலத் தெரியும். பட்டியலே வேறு.

தோற்றால் போய்விடுமா? போகாது. உங்கள் அணியே நல்ல சான்று. 2024-இல் ஒரெகனிடம் 31-32, சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 10-13 என்று இரண்டு தோல்வி. கான்ஃபரன்ஸ் இறுதிக்கே போகவில்லை. ஆனால் அந்த ஆண்டிலிருந்துதான் பிளேஆஃப் 12 அணியாக விரிந்தது. எட்டாவது இடத்தில் நுழைந்து, டென்னசியை 42-17, ஒரெகனை 41-21, டெக்சாஸை 28-14, இறுதியில் நோட்ர டேமை 34-23 என்று வரிசையாக வென்று கோப்பையை எடுத்தார்கள். பழைய 4 அணி முறை இருந்திருந்தால் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது.

12 இடத்தில் 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு, 7 தேர்வுக்குழு தரவரிசைப்படி மற்றவர்களுக்கு. முதல் நாலு அணிக்கு முதல் சுற்று கிடையாது. 5 முதல் 8 வரை உள்ளவர்கள் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தங்கள் சொந்த மைதானத்தில் ஆடுவார்கள். காலிறுதி புத்தாண்டை ஒட்டி, இறுதி ஆட்டம் நமக்குப் பொங்கல் கழிந்து சில நாளில், செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு.

செக்காலை_ரோடு:

ரஸ்தா அண்ணே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். 2024-இல் முதல் நாலு இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2025-இல் அதை எடுத்துவிட்டு நேராகத் தரவரிசைப்படி கொடுத்தார்கள். விதி ஆண்டுக்கு ஆண்டு அசைகிறது, எனவே ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்த ஆண்டு முறையை ஒருதரம் படித்துக்கொள்வது நல்லது.

என் கருத்தில் உங்கள் அணியை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். அந்த 7 இடத்துக்கு யார் வருவார் என்பதை, நீங்கள் யாரை வென்றீர்கள், அவர்கள் பிறகு எப்படி ஆடினார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. செப்டம்பரில் நீங்கள் தோற்கடித்த அணி அக்டோபரில் சரிந்தால் உங்கள் வெற்றியின் மதிப்பும் சரியும். அதனால் வாரத்துக்கு இரண்டு: உங்கள் அணி, கூடவே அதே வாரம் தரவரிசையில் உள்ள இருவர் மோதும் ஓர் ஆட்டம். இரவு ஆட்டமாகத் தேர்ந்தெடுத்தால் ஞாயிறு காலைக் காப்பியோடு முடியும்.

எதை விட்டாலும் மிச்சிகன் ஆட்டத்தை விடக்கூடாது. 1897-இல் தொடங்கிய பகை அது. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, பகல் 12, நமக்கு இரவு 10:30. இரட்டைப்படை ஆண்டுகளில் கொலம்பஸில் நடக்கும், ஒற்றைப்படையில் ஆன் ஆர்பரில். கொலம்பஸ் மைதானத்துக்கு 1,02,780 பேர் கொள்ளளவு, மிச்சிகனுடையது 1,07,601. தம்பி போவதாக இருந்தால் அடுக்கடுக்காகக் குளிருடை, கைப்பேசியில் டிக்கெட்டை வீட்டிலேயே இறக்கி வைப்பது, ஒளி ஊடுருவும் பை, இந்த மூன்றும். அத்தனை பேர் கூடும் இடத்தில் வாசலருகே நெட்வொர்க் திணறும். பல மைதானங்களில் 12×6×12 அங்குல அளவுக்குள் உள்ள ஒளி ஊடுருவும் பை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். சாதாரண முதுகுப்பையோடு போனால் வாசலிலிருந்து திரும்ப வேண்டியதுதான்.

டிவி இடைவேளையில் பேண்டு வாத்தியத்தைக் காட்டுவது அபூர்வம். ஒஹையோ என்று நடந்தே எழுதி, கடைசியில் ஒரு சூஸஃபோன் (பெரிய ஊதுகுழல் வாத்தியம்) வாசிப்பவர் ‘ஐ’ எழுத்தின் புள்ளியாக வந்து நிற்பார். 1936 முதல் நடக்கும் வழக்கம். அந்த பேண்டின் யூடியூப் பக்கத்தில் கிடைக்கும், ஐயாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

கானாடுகாத்தான்_வளவு:

வைஃபை விஷயம். நம்ம வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக ஒன்றரை, இரண்டு அடி கனம் இருக்கும். அலை அதைத் துளைத்துப் போவது கஷ்டம், இரண்டு சுவர் தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது. ரிப்பீட்டர் வாங்கி இரண்டாங்கட்டில் செருகினால் பலன் இருக்காது, வராத சிக்னலை அது எங்கே பெருக்கும்? முகப்பிலிருந்து ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிளை வளவின் (நடு முற்றத்தின்) தாழ்வார ஓரமாக, உத்திரத்தை ஒட்டி இழுத்து, இரண்டாங்கட்டில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) மாட்டுங்கள். கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். திறந்த வளவைக் கடக்கிற இடத்தில் மட்டும் பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள், வெயிலும் மழையும் கேபிள் உறையைத் தின்றுவிடும். தேக்குக் கதவிலும் நிலையிலும் துளை போட வேண்டாம். சாளரத்துக்கு மேலே உள்ள காற்றுத் துளை வழியே விடலாம்.

மின்சாரம் போனால் ஃபைபர் மோடமும் ரவுட்டரும் சேர்ந்து அணையும். 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று இரண்டுக்கும் போதும். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் வோல்டும் ஆம்பியரும் பாருங்கள். எல்லா மோடமும் 12 வோல்ட் அல்ல.

கைப்பேசி டேட்டாவில் பார்ப்பதானால், நடுத்தரத் தெளிவிலேயே மணிக்கு ஒரு ஜி.பி.க்கு மேல் போகும். தினம் 2 ஜி.பி. திட்டம் இரண்டாம் பாதியில் தீர்ந்துவிடும். வீடியோ இல்லாத ஆட்டத்துக்கு வானொலி வர்ணனைதான் சரி. பல கல்லூரிகளின் வர்ணனை வார்சிட்டி நெட்வொர்க் செயலியில் இலவசம். முழு ஆட்டத்துக்கும் சுமார் 100 எம்.பி.தான் ஆகும். அந்த வர்ணனையாளர்கள் உங்கள் அணியின் ஆட்கள், நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எந்தக் கஜத்தில் பந்து, எத்தனையாவது டவுன் என்று டிவியை விடத் தெளிவாகச் சொல்வார்கள்.

ஆட்டம் முடிந்தபின் புள்ளிவிவரப் பக்கத்தில் மொத்தக் கஜத்தைப் பார்க்காதீர்கள். ஓர் ஆட்ட முயற்சிக்குச் சராசரி எத்தனை கஜம், பந்தை எத்தனை முறை எதிரிக்கு விட்டுக்கொடுத்தார்கள், மூன்றாவது டவுனில் எத்தனை தேறியது, இந்த மூன்றும் போதும். ஓட்டக் கணக்கு மட்டும் ஏமாற்றும். கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பின்னால் மடக்கப்பட்டால் இழந்த கஜத்தை ஓட்டத்தில் கழிப்பார்கள். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் அதைப் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். 30 முயற்சி, 70 கஜம் என்று இருந்தால் ஓட்டமே மோசம் என்று முடிவு கட்டாமல், எத்தனை முறை மடக்கினார்கள் என்று பாருங்கள்.

கழனிவாசல்_ஆச்சி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேபிளுக்கு ஆள் சொல்லியாச்சு. பழைய ஆட்டம் ஒன்று பார்த்தோம். ஒரே எண் சட்டையில் இரண்டு பேர் தெரிகிறார்கள், அது எப்படி? சமநிலையானால் என்ன செய்வார்கள்?

பள்ளத்தூர்க்காரன்:

கல்லூரியில் ஆட்கள் அதிகம், எண் 0 முதல் 99 வரைதான். அதனால் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்கலாம், பெரும்பாலும் ஒருவர் தாக்குதலில், ஒருவர் தடுப்பில். இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அணிப் பட்டியலைப் பதிவிறக்கும்போது எண்ணோடு இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜனவரியில் வீரர்கள் கல்லூரி மாறுவது நிறைய நடக்கும், ஆகவே சென்ற ஆண்டுப் பட்டியல் உதவாது.

சமநிலையானால் ஆளுக்கொரு முறை எதிரியின் 25 கஜக் கோட்டிலிருந்து தொடங்குவார்கள், கடிகாரம் கிடையாது. இரண்டாவது சுற்றிலிருந்து டச்டவுன் போட்டால் ஒரு புள்ளி உதை கூடாது, இரண்டு புள்ளிக்குத்தான் முயல வேண்டும். மூன்றாவதிலிருந்து மாறி மாறி இரண்டு புள்ளி முயற்சி மட்டும், ஒருவர் முந்தும் வரை. 2021-இல் இல்லினாயும் பென் ஸ்டேட்டும் ஒன்பது சுற்று போனார்கள், 20-18. இரவு 9:30 ஆட்டம் நாலாவது கால்பகுதியில் சமமாக நின்றால் ஐயாவிடம் இன்னும் அரை மணி நேரம் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.